பங்கு கேட்க வருகிறவர்கள்

எங்கள் காவிரி டெல்டாப் பக்கத்தில் எழுதுகிறவனைப் பாராட்டும் வழக்கம் அவ்வளவாகக் கிடையாது. "படிச்சேன்" என்பார்கள். அதோடு சரி. அதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதை வைத்து மற்றதை நாமாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். வெட்டினாற்போல "படிச்சேன்" என்றால் பிடிக்கவில்லை. "படிச்சேனே..." என்று இழுத்தால் ஏதோ சொல்ல வைத்திருக்கிறார், நின்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். "படிச்சேன், படிச்சேன்" என்று இரண்டு தடவை சொன்னால் படிக்கவில்லை.

நான் எழுதுவது பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. வாய்க்கால், சந்தை, நெல் ரகம், பழைய ரயில் பாதை, ஊர்ச் சாப்பாடு, இடிந்த சத்திரம் என்று கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதுகிறேன். படிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள். இங்கேயே இருப்பவர்கள் கொஞ்சம், கிளம்பிப் போனவர்கள் நிறைய. போனில் பேசுகிறார்கள், வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்புகிறார்கள், நேரிலும் பிடித்துக்கொள்கிறார்கள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இன்னமும் ஐம்பது பைசா அஞ்சலட்டைதான் போடுகிறார். எழுதிய விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. எங்கெங்கே ஒற்று மிகும், எங்கெங்கே மிகாது என்று பொடி எழுத்தில் அட்டை முழுக்க நிரப்பிவிட்டு, முகவரி ஓரத்தில் "மற்றபடி நலம்" என்று முடித்திருப்பார்.

நேரில் பிடிக்கிறவர்களுக்கு வசதியான இடம் நீடாமங்கலம் ரயில்வே கேட். தஞ்சாவூர் – திருவாரூர் ரயில் பாதை ஊருக்குள்ளேயே ரோட்டைக் குறுக்கே வெட்டிப் போகிறது. மன்னார்குடிப் பாதை பிரிவதும் அங்கேதான். அரவைக்கு நெல் மூட்டை ஏற்றிப் போகும் சரக்கு ரயில் வேறு. கேட் போட்டால் பஸ்ஸிலிருந்து இறங்கி, டீ குடித்து, பேப்பர் புரட்டி, ஒரு அரசியல் சண்டையை முடித்துவிட்டு நிதானமாக வந்து ஏறலாம். அப்படி நின்ற ஒரு மாலையில் ஜன்னல் கம்பியைத் தட்டி ஒருவர் கூப்பிட்டார். கைலி, தோளில் துண்டு, கையில் மண்வெட்டிக்கு வாங்கிய புதுக் காம்பு.

"வெண்ணாத்தைப் பத்தி எழுதியிருந்தீங்களே, பையன் போன்ல காட்டினான். படிச்சேனே..."

"எப்படி இருந்துச்சுண்ணே?"

"எல்லாம் சரிதான். ஆத்துலேருந்து பிரியற வாய்க்காலை எல்லாம் வரிசையாச் சொல்லிட்டு வந்தீங்க. எங்க ஊரைத் தாண்டித்தானே அந்த வாய்க்கா போவுது? எங்க ஊர் பேரு ஒரு எடத்துல போட்டா கொறைஞ்சா போயிடும்?"

கேட் திறந்துவிட்டது. பஸ் நகரும்போதும் கூடவே நாலடி நடந்து வந்து ஊர்ப் பெயரை இரண்டு தடவை சொன்னார், மறந்துவிடக் கூடாது என்று.

படிக்கிறவர்கள் என்றால் எனக்கு இவர் முகம்தான் முதலில் வருகிறது. இவருக்கு என் நடையும் தெரியாது, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. வாய்க்கால் அவருடையது. அதை நான் எடுத்து எழுதியிருக்கிறேன், அதில் அவர் பங்கைக் கேட்டு வந்திருக்கிறார். பங்காளி இப்படித்தான். கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டு, பந்தியில் சாம்பாருக்கு உப்பு போதவில்லை என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டுப் போவான். அடுத்த விசேஷத்துக்குப் பந்தல்கால் நடும்போதே வந்து நிற்பவனும் அவன்தான். ரசிகர்கள் கிடைத்த எழுத்தாளர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு வாய்த்தவர்கள் பங்காளிகள். குறையாகச் சொல்லவில்லை.

எதை எழுதினால் அதிகம் பேர் வாய் திறக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன். சாப்பாடு. காவிரி வழக்கைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு தடவை எழுதினேன். 2007இல் நடுவர் மன்றம் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்க வேண்டியது 192 டி.எம்.சி. என்றது, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது, இடையில் யார் என்ன வாதாடினார்கள் என்று எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியிருந்தேன். "தகவலுக்கு நன்றி" என்று நாலைந்து பேர். அப்புறம் கடப்பாவைப் பற்றி எழுதினேன். ஒரு வாரத்துக்குப் போனைக் கீழே வைக்க முடியவில்லை.

கடப்பா தெரியாதவர்களுக்கு: கும்பகோணத்து ஓட்டல்களில் இட்லிக்கு ஊற்றுகிற வஸ்து. வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டுக் குருமா என்பார்கள், உள்ளூர்க்காரருக்குக் கோபம் வரும். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கு சேர்த்து, தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, கசகசா அரைத்து விட்டு, இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிவது. இவ்வளவுதான் நான் எழுதியது. பொட்டுக்கடலை ஏன் சொல்லவில்லை என்று கும்பகோணம் பாணாதுறைக்காரர் ஒருவர். பொட்டுக்கடலை அரைத்துவிட்டால் அது சட்னி, கடப்பா இல்லை என்று மாயவரத்திலிருந்து ஒரு அம்மா. மஞ்சள்பொடி போடுபவர்களை ஊரை விட்டே தள்ளி வைக்க வேண்டும் என்று ஒரு வழக்கறிஞர், நிஜமாகவே அந்தச் சொற்களில். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு பெண் அனுப்பிய குரல் செய்தியில் பேச்சுக்குப் பின்னால் குக்கர் விசில் கேட்டது. பிறந்த வீட்டில் பூண்டு சேர்க்க மாட்டார்களாம், புகுந்த வீட்டில் பூண்டு இல்லாமல் செய்தால் மாமனார் தட்டைத் தள்ளிவிடுவாராம், இப்போது இரண்டு வீட்டாரும் இல்லாத ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பூண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், நீங்களே சொல்லுங்கள் அண்ணா என்றார். இதற்கு நான் என்ன சொல்வது? பாதிப் பூண்டு போடச் சொன்னேன்.

இத்தனைக்கும் நடுவே ஒரு போன் வந்தது. பேசியவர் ஓட்டல்களில் சரக்கு மாஸ்டராக இருந்து வயதாகி வீட்டோடு இருப்பவர். பேரன் படித்துக் காட்டியிருக்கிறான்.

"தம்பி, நீங்க எழுதினதுல கெழங்கை மசிச்சுப் போடணும்னு இருக்கா, உடைச்சுப் போடணும்னு இருக்கா? பேரன் சரியாச் சொல்ல மாட்டேங்கறான்."

"சேர்க்கணும்னு மட்டும்தாங்க எழுதியிருக்கேன்."

"அதானே பாத்தேன். மசிச்சா கூழாயிடும். தோலை உரிச்சு, சூடு ஆறுமுன்ன கையால உடைக்கணும், கத்தி படக் கூடாது. பாதி கரையணும், பாதி பல்லுல படணும். கரைஞ்சது கெட்டிப்படுத்தும், கரையாதது கடப்பான்னு சொல்லும்."

பிறகு தீயை எப்போது குறைக்க வேண்டும், எலுமிச்சையை ஏன் அடுப்பில் இருக்கும்போது பிழியக் கூடாது (கசந்துவிடும்) என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நூறு பேருக்கு என்றால் பருப்பு எவ்வளவு என்று கணக்குப் போட ஆரம்பித்தவரை அந்தப் பக்கம் யாரோ மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்று அதட்டினார்கள். வைத்துவிட்டார். அவர் சொன்ன பக்குவத்தில்தான் இப்போது எங்கள் வீட்டில் செய்கிறோம்.

கவனித்தால், இவர்களில் யாரும் என்னோடு பேசவே இல்லை. ஒருவர் தன் அம்மாவோடு பேசினார், ஒருவர் மாமனாரோடு சண்டை போட்டார், மாஸ்டர் தன் பழைய அடுப்போடு பேசினார். நான் எழுதியது ஒரு சாக்கு. எழுத வந்த புதிதில் இது கொஞ்சம் உறுத்தும். மூன்றாவது பத்தியில் ஒரு வாக்கியத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருப்போம், அதை ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். போகப் போகப் பழகிவிடும். அந்த வாக்கியத்தை வெட்டிவிடவும் கை வரும்.

தண்ணீர் விஷயத்தில் கதை வேறு. அங்கேதான் போனவர்களும் இருப்பவர்களும் தனித்தனியாகப் பிரிந்து நிற்பது தெரியும்.

பஞ்சாங்கம் பார்க்காதவனுக்கும் இந்தப் பக்கத்தில் ஜூன் 12 தெரியும். குறுவை நெல் சாகுபடிக்கு மேட்டூர் அணையைத் திறக்க வேண்டிய நாள். 1934இல் அணை கட்டி முடித்ததிலிருந்து அதுதான் கணக்கு என்றாலும், அந்தத் தேதியில் திறந்த ஆண்டுகளைவிடத் தவறிய ஆண்டுகளே அதிகம். 120 அடி அணையில் தண்ணீர் இருந்தால் திறப்பார்கள், இல்லாவிட்டால் கர்நாடகத்து மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். 2012 முதல் 2019 வரை வரிசையாக அந்தத் தேதி பொய்த்தது. 2020இல் சொன்ன நாளில் வந்தது. 2022இல் யாரும் எதிர்பார்க்காமல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாளோ நாலு நாளோ ஆகும். அங்கே பூவும் விதைநெல்லும் தூவி, காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் பிரித்து விடுவார்கள்.

ஒவ்வொரு ஆண்டும் இதை ஒட்டி ஏதாவது எழுதுவேன். உடனே ஊரை விட்டுப் போனவர்களிடமிருந்து வரும். ஷார்ஜாவிலிருந்து, தாம்பரத்திலிருந்து, பெங்களூரிலிருந்து (பெங்களூர்க்காரர்கள் சற்று அடக்கமாகக் கேட்பார்கள்). "வந்துடுச்சா சார்? மொத தண்ணி சருகையும் நுரையையும் தள்ளிக்கிட்டு வருமே, கூடவே மணல்ல ஓடுவோமே, அதை எழுதுங்க." கேட்கும்போது நமக்கும் தொண்டை அடைக்கும். எழுதினேன். சருகு, நுரை, மணல், கூட ஓடும் பிள்ளைகள் எல்லாம் போட்டு எழுதினேன்.

தலைஞாயிறு பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் சாகுபடி செய்பவர் ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "உங்க ஊருக்கு நுரையோட வந்துச்சா? சந்தோஷம். எங்களுக்கு ஆகாயத்தாமரையோட வரும். அதுவும் ஆடி முடிஞ்சப்புறம். அதையும் ரெண்டு வரி எழுதுங்க, யாராவது தூர்வாருற ஆபீசர் படிச்சுத் தொலைக்கட்டும்."

நடவைப் பற்றி எழுதினாலும் இதே இழுபறிதான். போனவர்களுக்கு நடவுப் பாட்டு வேண்டும். வரப்பில் தூக்குவாளி, முழங்கால் சேறு, வரிசையாகக் குனிந்த பெண்கள், குலவை. இருப்பவர்கள் கேட்பது நடவு மிஷினுக்கு வாடகை எங்கே மலிவு, போர் மோட்டார் வைத்திருப்பவன் ஆற்றுக்குக் காத்திராமல் மே மாதமே நாற்று விட்டுவிடுகிறானே, அவனுக்கும் எங்களுக்கும் ஒரே நாளில் அறுப்பு எப்படி வரும் என்பது போன்ற விஷயங்கள். சில வருஷங்களாக நடவுக்கு மேற்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நடவுப் பாட்டு அழிந்துவிட்டதா என்று சென்னைக்காரர் ஒருவர் உருகி உருகி எழுதிக் கேட்டிருந்தார். கூத்தாநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் அதை அப்படியே படித்துக் காட்டினேன். "அழியலியே, நட்டுக்கிட்டே பாடத்தான் செய்யறாங்க. எங்களுக்குத்தான் புரியல" என்றார்.

என்னைக் கேட்டால், இருப்பவர்கள் பக்கம்தான் நிற்பேன். இதை ஒளிக்கவில்லை. போனவர்களுக்கு டெல்டா அவர்கள் விட்டுப்போன நாளோடு நின்றுவிட்டது. அதில் ஒரு ஓடு நகர்ந்தாலும் கோபம் வருகிறது. ஆனால் அவர்கள் மேல் எரிச்சல் பட்டு என்ன செய்வது? எட்டு வருஷம் குறுவை பொய்த்தால் யார்தான் கிளம்ப மாட்டார்கள்? ஏக்கம் என்று நாம் லேசாகச் சொல்கிறோம், அதற்குப் பின்னால் விற்ற நிலமும் அடகுக்குப் போன நகையும் இருக்கிறது.

ஒரே ஒரு தடவை இரண்டு தரப்பும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். 2018 நவம்பர் 16, கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிய அன்று. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் கூண்டோடு சாய்ந்தன. மின்சாரம் இல்லை, போன் கோபுரம் இல்லை. சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று நான் எழுதிப் போட்டதெல்லாம் எந்த ரோடு திறந்திருக்கிறது, எந்த ஊரில் ஜெனரேட்டர் ஓடுகிறது, எங்கே போன் சார்ஜ் போடலாம் என்பதுதான். நடையும் இல்லை, அழகும் இல்லை. அந்த நாட்களில் எழுதியதைத்தான் மிக அதிகம் பேர் படித்தார்கள். "எங்க அத்தை வீட்டுக் கூரை இருக்கா பாத்துச் சொல்ல முடியுமா?" என்று துபாயிலிருந்து கேட்டவருக்கு ஒரத்தநாட்டிலிருந்து முன்பின் தெரியாத இன்னொரு வாசகர் போய்ப் பார்த்துச் சொன்னார். கூரை இல்லை, அத்தை நன்றாக இருக்கிறார்.

வாசகர் என்றதும் இந்த ஊர்க்காரனுக்கு நினைவுக்கு வரவேண்டிய பெயர் ஒன்று உண்டு. சேலம் இராமசாமி முதலியார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் உ.வே.சாமிநாதையர் தமிழாசிரியராகச் சேர்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதே வருஷம் அக்டோபரில், அந்த ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, கலம்பகம் என்று அடுக்குகிறார். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இதற்கெல்லாம் மூலமான பழைய நூல்கள் எதுவும் படித்ததில்லையா என்கிறார். சீவக சிந்தாமணியின் பெயரைச் சொல்கிறார், பிறகு பிரதியையும் வாங்கித் தருகிறார். ஐயர் அதைப் புரிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமணர்களின் வீட்டுக்குப் போய்க் கேட்டுப் படிக்கிறார். 1887இல் அது அச்சாகிறது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை.

முதலியார் புலவர் இல்லை. கோர்ட்டில் வேலை பார்த்தவர், படிப்பில் ருசி உள்ளவர், அவ்வளவுதான். "அடேயப்பா, இவ்வளவு படித்திருக்கிறீர்களா!" என்று ஒரு வார்த்தை சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பியிருக்கலாம், இருவருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். வந்தவர் மனம் நோகுமே என்று அவர் பார்க்கவில்லை. இப்படி ஒருவர் அமைவது அபூர்வம்.

நமக்கு அமைவதோ பெரும்பாலும் "சார் நீங்க எந்த ஊர்?" என்று ஆரம்பிப்பவர்கள். ஊரைச் சொன்னால் "அங்க எந்தத் தெரு?" தெருவைச் சொன்னால் "அப்பா பேரு?" எங்கே போய் நிற்கப் போகிறது என்று தெரியும். நான் தெருவோடு நிறுத்திக்கொள்வேன். சிலர் விடமாட்டார்கள், "குலதெய்வம் எதுங்க?" என்று கொல்லைப்பக்கமாக வருவார்கள். அதேபோல, நாம் எழுதியதைப் பெயரை வெட்டிவிட்டு, மேலே ஒரு பிள்ளையார் படத்தை ஒட்டி, நமக்கே திருப்பி அனுப்பி "அருமையான பதிவு, அவசியம் படிக்கவும்" என்பவர்கள். இவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த முன்சீப் கேட்ட மாதிரிக் கேள்வி எனக்கும் ஒரு தடவை வந்தது. படித்துறைகளைப் பற்றி எழுதியிருந்தேன். கும்பகோணத்துப் பகவத் படித்துறை, திருவையாற்றுப் புஷ்ய மண்டபம், மாயவரம் துலாக்கட்டத்தில் ஐப்பசி கடைமுழுக்கு, அதைத் தவறவிட்டவர்களுக்காகக் கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, பெயர் தெரியாத ஒரு கிராமத்துப் படித்துறையில் கொண்டுவந்து முடித்திருந்தேன். கருங்கல் படி, அரசமரம், ஓரத்தில் பிள்ளையார், துவைக்கிற கல்லில் ஒரு பக்கம் தேய்ந்த பள்ளம். நிறையப் பேர் படித்தார்கள். போனவர்கள் ஆளாளுக்குத் தங்கள் ஊர்ப் படித்துறையின் படத்தை அனுப்பினார்கள்.

கீழ்வேளூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர், அரசு வேலையில் இருப்பவர், கூப்பிட்டார். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"நல்லா எழுதியிருக்கீங்கண்ணே. நீங்க கடைசியில சொல்ற படித்துறை எங்க அம்மா வழி ஊர்ல இருக்கறது. அந்தப் படியில எங்க தாத்தா கால் வச்சதே இல்ல."

அப்புறம் அவரே சொன்னார். அவர்கள் குளிக்கும் இடம் ஆறு வளைந்து போகும் முனைக்கு அந்தாண்டை, மாடு கழுவும் துறைக்கும் கீழே. படியெல்லாம் கிடையாது, சரிவில் இறங்க வேண்டும். பெண்கள் துணி மாற்றத் தாழம்புதர்தான் மறைப்பு. மேலே இருப்பவர்கள் குளித்து, அதற்கப்புறம் மாடு குளித்து, கடைசியாக வரும் தண்ணீர். தாத்தா இதையெல்லாம் குறையாகச் சொன்னதில்லையாம், வழி சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்வாராம். கீழ்வெண்மணி அவர்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டு நின்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்துபோன ஊர். தாத்தா அந்த ராத்திரியைப் பற்றிப் பேச மாட்டார். வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு நினைவிடத்துக்குப் போய் வருவதை மட்டும் கடைசிவரை நிறுத்தவில்லை.

அவரோடு அந்த வளைவுக்குப் போனேன். தாழம்புதர் இல்லை, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மேலே நான் எழுதிய படித்துறைக்கும் இப்போது யாரும் வருவதில்லை, ஊரில் எல்லா வீட்டிலும் குழாய். கீழ்ப்படியில் பாட்டில் கண்ணாடி. "நீங்களே எழுதுங்களேன்" என்றேன். "எழுதுவேண்ணே. ஆனா உங்களுக்கு அனுப்ப மாட்டேன்" என்று சிரித்தார்.

அந்த வளைவைப் பற்றி நான் எழுதியபோது படித்துறைப் படங்களை அனுப்பிய அதே ஆட்கள் சிலர் முகம் மாறினார்கள். எதற்கு இப்போது பழசைக் கிளற வேண்டும், அந்தக் காலத்தில் ஊரே ஒற்றுமையாகத்தானே இருந்தது என்றார்கள். இருந்தது. ஆளுக்கொரு துறையில் ஒற்றுமையாகக் குளித்தார்கள். சிலர் அதோடு என்னைப் படிப்பதை நிறுத்திக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். அவர்களில் ஒருவர் மட்டும் கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிட்டு, தன் ஊரில் அப்படி ஒரு கீழ்த்துறை இருந்ததா என்று எண்பது வயது அக்காவிடம் கேட்டதாகவும், இருந்தது, அதன் பெயர்கூட அக்காவுக்குத் தெரிந்திருந்தது என்றும் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மடிப்பாக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வார். பிறந்த வீட்டைப் பற்றி நான் எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. வீட்டை விற்று வெகுகாலம் ஆகிவிட்டது, அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு ஊர். திண்ணை, ரேழி, முற்றம், மழைக்கு முற்றத்தில் வைக்கும் அண்டா, கிணற்றடிக் கல், கொல்லையில் எத்தனை தென்னை என்று ஒவ்வொரு வாரமும் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். சரி என்று அவர் சொன்னதை வைத்தே எழுதினேன். நான் அந்த வீட்டைப் பார்த்ததில்லை, அதையும் அதிலேயே சொல்லியிருந்தேன்.

மறுவாரம் ஒரு போன். "வணக்கம் சார். நீங்க எழுதின வீட்லேருந்துதான் பேசறேன்."

அந்த வீட்டை வாங்கி இருப்பவர். உரக்கடை வைத்திருக்கிறார். "எல்லாம் கரெக்டா இருக்கு சார், ஆனா திண்ணை இப்ப இல்ல. எடுத்துட்டு ஷட்டர் போட்டுட்டேன், கடைக்கு முன்னாடி லாரி வரணும்ல. ரேழியிலதான் மூட்டை அடுக்கியிருக்கு. முத்தத்துக்கு மேல தகரம் போட்டாச்சு. அண்டா இருக்கு. அதையெல்லாம் எழுதலியே, இப்ப இருக்கறது நாங்கதானே?" அவருக்கும் பங்கு உண்டு. எழுதினேன்.

எழுதும்போதே பெரியவருக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது. இரண்டு ஞாயிறு போன் இல்லை. பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி வந்து அந்த வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். கடைக்காரரே பின்னால் என்னிடம் சொன்னார். வந்தவர் தான் யார் என்று சொல்லவில்லையாம். ஷட்டரையே பார்த்துக்கொண்டு நின்றவர், "இந்த எடத்துல ஒரு வேம்பு இருந்துதே, யாரு வெட்டினது?" என்று சத்தம் போட்டிருக்கிறார். குரலைக் கேட்டதும் இவருக்குப் புரிந்துவிட்டது. வெட்டவில்லை, புயலில் விழுந்தது என்று சொல்லி உள்ளே கூட்டிப் போயிருக்கிறார். பெரியவர் உர மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்து முற்றம் வரை போய், தகரத்தை அண்ணாந்து பார்த்து, "வெயில் காலத்துல கொதிக்குமே" என்றாராம். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அந்த வீட்டு அம்மா பிடிவாதமாக உட்கார வைத்துவிட்டார்கள். வத்தக்குழம்பு, சேப்பங்கிழங்கு வறுவல். வறுவலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எனக்குப் போன் செய்வதில்லை. நேரே உரக்கடைக்காரரோடு பேசிக்கொள்கிறார். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கடையில் எட்டிப் பார்த்தேன். "ஐயா காலையிலதான் பேசினாரு. கொல்லைத் தென்னையில காண்டாமிருக வண்டு விழுந்திருக்குன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். வேப்பங்கொட்டைப் பொடியையும் மணலையும் கலந்து குருத்து இடுக்குல வைக்கச் சொல்லி அரை மணி நேரம் பாடம்" என்றார். உரமும் பூச்சிமருந்தும் விற்கிறவருக்கே வைத்தியம்.

வைத்தீர்களா என்று கேட்டேன். வைத்திருக்கிறார்.